திரும்பத் திரும்ப வரும் பெண்ணுறுப்புத் தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோழிகள், உறவுப் பெண்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதே தொல்லையோடு சில வருடம் அல்லாடியதால் தேடித் தேடிப் படித்தவள், அவ்வளவுதான். மருந்தின் பெயரும் அளவும் வருவது டாக்டர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள அல்ல.

1. வெள்ளைப்பட்டாலே இன்ஃபெக்‌ஷனா?

இல்லை. பருவம் வந்ததிலிருந்து மாதவிடாய் நிற்கும் வரை கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. கருமுட்டை வெளியாகும் நாட்களில் நிறமில்லாமல் வழவழவென்று இழுபடும், மாதவிடாய் நெருங்கும்போது கெட்டியாகி வெண்மையாகும், உள்ளாடையில் காய்ந்தால் லேசாக மஞ்சள் தெரியும். இதற்கெல்லாம் மருந்து வேண்டாம்.

பார்க்க வேண்டியது மாற்றத்தை. உங்களுக்கு எப்போதும் இருப்பதைவிட நிறம், வாடை, அளவு ஏதாவது மாறியிருக்கிறதா, கூடவே அரிப்பு, எரிச்சல், வீக்கம், உடலுறவின்போது வலி, சிறுநீர் போகும்போது வெளிப்புறத் தோல் சுரீரென்று எரிவது என்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா? அப்படி இருந்தால்தான் மேலே படியுங்கள்.

2. அரிப்பு வந்தா அது பூஞ்சைதானே, வேற என்ன இருக்கப் போகுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பெண்ணுறுப்பில் வரும் தொற்று முக்கியமாக மூன்று வகை. முதலாவது பூஞ்சை, பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ்: கடுமையான அரிப்பு, சிவந்த தோல், திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக வெள்ளைப்படுதல், வாடை பெரிதாக இருக்காது. இரண்டாவது பாக்டீரியல் வஜினோசிஸ், சுருக்கமாக பிவி: தண்ணியாக, சாம்பல் கலந்த வெண்மையில், மீன் வாடையோடு வரும், அரிப்பு குறைவு. மூன்றாவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, சுருக்கமாக டிரைக்கோ. இது உடலுறவு வழியாகப் பரவுவது, மஞ்சள் அல்லது பச்சை கலந்த நுரையான திரவம் வரலாம், எதுவுமே தெரியாமலும் இருக்கலாம்.

புத்தகத்தில் இப்படித் தனித்தனியாக இருக்கும், உடம்பில் இருக்காது. இரண்டு ஒன்றாக வரும், அடையாளங்கள் மாறி வரும். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சை மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு பிவி, கலப்புத் தொற்று, வேறு ஏதோ, சிலருக்குத் தொற்றே இல்லை. 'எனக்கு அடிக்கடி வருது' என்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் திரும்பி வருவதில்லை, சரியான மருந்து கிடைக்காததால் முதலில் வந்தது போகவே இல்லை.

3. போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த அதே கிரீமை வாங்கிப் போட்டுக்கலாமா?

ஏன் வேண்டாம் என்பது மேலே இருக்கிறது. பூஞ்சைக்கான கிரீம் பிவியை ஒன்றும் செய்யாது, பிவிக்கான ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கிளப்பியும் விடலாம். இன்னொன்று, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் கலந்த கிரீம்கள் இருக்கின்றன. ஸ்டீராய்டு இருப்பதால் போட்டதும் சீக்கிரமே அரிப்பு அடங்கிவிடும், அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கும். யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் போட்டால் அந்த இடத்துத் தோல் மெலிந்துபோகும், நோய் எது என்பதும் மறைந்துவிடும்.

4. டெஸ்ட்னா என்ன பண்ணுவாங்க? வலிக்குமா?

பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் உள்ளே இருக்கும் திரவத்தைக் கொஞ்சம் தடவி எடுப்பார்கள், அதுதான் ஸ்வாப். சில நொடி வேலை. அதில் ஒரு துளியைக் காகிதப் பட்டையில் தொட்டு அமிலத்தன்மை பார்ப்பார்கள். மாதவிடாய் வரும் வயதில் பிஎச் 3.8 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். பூஞ்சை என்றால் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கும், பிவி, டிரைக்கோ என்றால் 4.5-ஐத் தாண்டும். இன்னொரு துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் பிவியில் மீன் வாடை குப்பென்று கிளம்பும். மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை இழைகளாகத் தெரியும், டிரைக்கோ நெளிந்து ஓடும், பிவியில் செல்களின் ஓரம் முழுக்க பாக்டீரியா அப்பிக்கொண்டு பொடி தூவியது மாதிரி இருக்கும்.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கல்ச்சரும் (ஸ்வாபில் எடுத்ததை லேபில் வளர்த்துப் பார்ப்பது) கேளுங்கள், எந்த வகைப் பூஞ்சை என்று அதில்தான் தெரியும். தொல்லை இருக்கும்போதே, மருந்து எதுவும் போடுவதற்கு முன்பே போக வேண்டும் என்பது முக்கியம். இரண்டு நாள் கிரீம் போட்டுவிட்டுப் போனால் ஸ்வாபில் ஒன்றும் சிக்காமல் போகலாம்.

5. நான் உடலுறவே வச்சுக்கிட்டதில்லை. எனக்கு எப்படி வரும்? டாக்டர்கிட்ட போனா உள்ளே கருவி விட்டுப் பார்ப்பாங்களா?

பூஞ்சை வர உடலுறவு தேவையில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டது, சர்க்கரை கூடியிருப்பது, ஹார்மோன் மாற்றம் இவையே போதும். உடலுறவு கொள்ளாதவர்களுக்கு பிவி அரிது. ஸ்பெகுலம் என்ற கருவி இல்லாமலே மெல்லிய ஸ்வாபை மட்டும் எடுக்க முடியும், பல இடங்களில் குச்சியை உங்களிடமே கொடுத்து எடுத்துத் தரச் சொல்வார்கள். 'உடலுறவு அனுபவம் இல்லை, கருவி வேண்டாம்' என்று உள்ளே போனதும் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

6. தினமும் ரெண்டு வேளை சோப்பு போட்டுக் கழுவுறேன், அப்படியும் ஏன் வருது?

பலருக்கு 'அப்படியும்' அல்ல, 'அதனால்தான்'. உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கிறது. 4-ஆம் கேள்வியில் சொன்ன பிஎச் எண் அதன் கைவேலைதான். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் இந்தக் காவல் போய்விடுகிறது, அப்படிச் செய்பவர்களுக்கு பிவி அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. உள்ளே எதுவும் போட்டுக் கழுவத் தேவையே இல்லை. வெளியே மட்டும், வெறும் தண்ணீர் அல்லது வாசனை இல்லாத மிதமான சோப்பு, ஒரு நாளைக்கு ஒரு தடவை.

வாசனை நாப்கின், வாசனை வைப்ஸ், டெட்டால் மாதிரி கிருமிநாசினி கலந்த தண்ணீர், 'அந்தரங்க' ஸ்ப்ரே எல்லாம் தோலை எரிச்சலாக்கும். விளம்பரத்தில் பூ வாசம் வருகிறதே என்றால், அந்த உறுப்புக்குப் பூ வாசம் இருக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொற்று வந்தால் நீங்கள் அழுக்கு என்று அர்த்தம் இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது பூஞ்சைத் தொற்று வரும் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 75 பேர்.

7. எத்தனை தடவை வந்தா 'அடிக்கடி'ன்னு கணக்கு?

பூஞ்சைக்கு, ஒரு வருடத்துக்குள் 3 அல்லது அதற்கு மேல். முன்பு 4 என்று இருந்தது, இன்னும் சில டாக்டர்கள் 4 என்பார்கள். பிவிக்கும் கிட்டத்தட்ட இதே அளவுகோல்தான். எண்ணிக்கை தொட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டு நீண்டகாலத் திட்டம் கேட்க வேண்டும்.

8. டெஸ்ட்ல பூஞ்சைன்னு உறுதியாயிடுச்சு. மாத்திரை போட்டா போகுது, ரெண்டு மாசத்துல வருது. இதுக்கு முடிவே இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஒற்றை மாத்திரையில் இல்லை. பொதுவாகச் செய்வது இரண்டு கட்டம். முதலில் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, 150 மி.கி., மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று மாத்திரை, அதாவது 1, 4, 7-ஆம் நாட்களில். அப்புறம் அதே மாத்திரை வாரம் ஒன்று, ஆறு மாதம். 2004-இல் வந்த ஆய்வில் இப்படி எடுத்தவர்களில் 100-க்கு 90 பேர் அந்த ஆறு மாத முடிவில் தொற்று இல்லாமல் இருந்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 36 பேர்தான். ஆனால் மருந்தை நிறுத்தி இன்னொரு ஆறு மாதம் போன பிறகு பார்த்தால் 90 என்பது 43 ஆகிவிட்டது.

அந்தக் கடைசி எண்ணை டாக்டர்கள் பலர் சொல்வதில்லை, நான் சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்திய பிறகு திரும்பி வந்தால் 'எனக்கு மருந்தே கேட்கலை' என்று இடிந்துபோகிறார்கள். மருந்து கேட்டது. அடக்கி வைக்கும் மருந்து அது. வந்தால் மறுபடி அதே திட்டத்தை ஆரம்பிக்கலாம். அந்த ஆறு மாதத்தில் விரிசல் விட்ட தோல் ஆறுவதும் நிம்மதியாகத் தூங்குவதும் சின்ன விஷயம் அல்ல.

9. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா கல்லீரல் கெட்டுடாதா?

வாரம் ஒன்று என்ற அளவில் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தாலோ, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள், சில இதய மருந்துகள் சாப்பிட்டாலோ கட்டாயம் சொல்லுங்கள், ஃப்ளுகோனசோல் அவற்றோடு மோதும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும் (14-ஆம் கேள்வி).

10. இந்த மாத்திரை எனக்குச் சுத்தமா வேலையே செய்யலையே?

அப்படியென்றால் கல்ச்சர் எடுத்தே ஆக வேண்டும். கேண்டிடா கிளாப்ராட்டா போன்ற வகைகளுக்கு ஃப்ளுகோனசோல் சரியாக வேலை செய்வதில்லை. அதற்கு போரிக் அமிலம் 600 மி.கி. அடங்கிய காப்ஸ்யூலைத் தினம் ஒன்றாக மூன்று வாரம் உள்ளே வைக்கச் சொல்வார்கள். இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: காப்ஸ்யூல் என்றதும் வாயில் போட்டு விழுங்கிவிடாதீர்கள், போரிக் அமிலம் விழுங்கினால் விஷம், உயிர் போகலாம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கர்ப்பமாக இருந்தால் கூடவே கூடாது.

11. எனக்கு பிவி. ஒவ்வொரு தடவையும் ஏழு நாள் மாத்திரை, வாயெல்லாம் உலோகக் கசப்பு, அப்புறம் அடுத்த பீரியட்ஸ் முடிஞ்சதும் அதே வாடை. ஏன்?

பிவியின் குணமே அது. சிகிச்சை முடித்தவர்களில் பாதிக்கு மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்து நிற்கிறார்கள். கார்ட்னரெல்லா முதலான பாக்டீரியாக்கள் உள்சுவரில் பயோஃபிலிம் என்ற பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. பிவிக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மேலே இருப்பவற்றைக் கொல்கிறது, படலத்துக்குள் இருப்பவை தப்பிக்கின்றன. ரத்தத்துக்கும் விந்துவுக்கும் அமிலத்தன்மை கிடையாது, அதனால்தான் மாதவிடாய்க்குப் பிறகோ உடலுறவுக்குப் பிறகோ வாடை தலைகாட்டுகிறது. பூஞ்சை இதற்கு நேர்மாறு, பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம்தான் அது கூடும். எந்த நாளில் வருகிறது என்று குறித்து வைத்தால் அதுவே ஒரு துப்பு.

திரும்பத் திரும்ப வரும் பிவிக்கு, முதலில் முழு சிகிச்சை முடித்துவிட்டு மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல்லை வாரம் இரண்டு தடவை என்று சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். ஆணுறை தவறாமல் பயன்படுத்துவதும் புகையை நிறுத்துவதும் உதவும். காப்பர்-டி போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

12. வீட்டுக்காரருக்கும் மருந்து கொடுக்கணுமா? அவருக்கு ஒண்ணுமே இல்லைங்கிறார்.

எந்தத் தொற்று என்பதைப் பொறுத்தது. டிரைக்கோ என்றால் சந்தேகமே இல்லாமல் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து, அவருக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்று மாதத்துக்குள் நீங்கள் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். பூஞ்சை என்றால் வழக்கமாகத் தேவையில்லை, அவருக்கும் சிவந்து அரித்தால் மட்டும்.

பிவியில்தான் கதை மாறியிருக்கிறது. 'துணைக்கு மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லை' என்றுதான் பல வருடம் சொன்னார்கள். மார்ச் 2025-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஆணுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பின் தோலில் பூச கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிரீமும் கொடுத்தார்கள். 12 வாரத்துக்குள் பெண்ணுக்கு மறுபடி வந்தது 35 சதவீதம். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த ஜோடிகளில் 63 சதவீதம். வித்தியாசம் பெரியதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் டாக்டர் பழைய பதிலைச் சொன்னால் இந்த ஆய்வைப் பற்றிக் கேளுங்கள். துணை பெண்ணாக இருந்தால் அவருக்கும் பிவி இருக்க வாய்ப்பு அதிகம், அவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வீட்டில் சண்டை வராமல் இருக்க ஒரு வார்த்தை: பூஞ்சையோ பிவியோ வந்ததை வைத்து யாரும் யாருக்கும் துரோகம் செய்ததாக முடிவு கட்ட முடியாது.

13. தயிர் தடவலாமா, பூண்டு வைக்கலாமா, ப்ரோபயாடிக் சாப்பிடலாமா?

தடவாதீர்கள், வைக்காதீர்கள். தயிரில் இருக்கும் பாக்டீரியா வேறு ரகம், அந்த இடத்தில் குடியேறாது. பூண்டு தோலைச் சுட்டுவிடும். ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் அதை நம்பி மருந்தை விடும் அளவுக்கு ஆதாரமும் இல்லை.

14. கர்ப்பமா இருக்கேன், இப்போ வந்திருக்கு.

கர்ப்பத்தில் பூஞ்சை அதிகம் வரும். ஃப்ளுகோனசோல் மாத்திரை வேண்டாம், குளோட்ரிமசோல் மாதிரி உள்ளே வைக்கும் பூஞ்சை மருந்தை ஏழு நாள் தருவார்கள். பிவி குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது, அறிகுறி இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

15. சுகருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பூஞ்சைக்கு நிறைய இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பது தெரியாமலே பூஞ்சைத் தொற்று முதல் அடையாளமாக வருபவர்கள் உண்டு, அதனால் அடிக்கடி வந்தால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் அதன் பெயரைப் பாருங்கள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை, பூஞ்சைக்கு அது விருந்து. நல்ல மருந்துகள்தான், நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள்.

16. மாதவிடாய் நின்னு நாலு வருஷம் ஆச்சு. இப்போ போய் ஏன் எரியுது, அரிக்குது?

இந்த வயதில், சர்க்கரை நோயோ ஹார்மோன் சிகிச்சையோ இல்லாவிட்டால், பூஞ்சை அவ்வளவு வருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் மெலிந்து வறண்டுபோவதுதான் பெரும்பாலும் காரணம், நல்ல பாக்டீரியாவும் குறைகிறது, பிஎச் ஏறுகிறது. உள்ளே போடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாக வேலை செய்யும். இதற்குப் பூஞ்சைக் கிரீமை மாற்றி மாற்றிப் போட்டு வருடக்கணக்கில் அவதிப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலில் புற்றுநோய் டாக்டரிடம் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தனியாகப் போய்க் காட்டுங்கள்.

17. ரிப்போர்ட்ல கேண்டிடான்னு இருக்கு, ஆனா எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. மருந்து வேணுமா?

வேண்டாம். பத்தில் ஒன்று, இரண்டு பெண்களுக்கு அது சும்மா குடியிருக்கும். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் தேவையில்லை.

18. இதுக்கு நேர் எதிர் எனக்கு. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனா அரிப்பு நிக்கவே இல்லை. மனப்பிரமைங்கிறாங்க.

பிரமை இல்லை, தேடும் இடம்தான் தவறு. தொற்று இல்லாத அரிப்புக்குக் காரணங்கள் பல. நாப்கின், டிடர்ஜென்ட், போட்டுக்கொண்டிருக்கும் கிரீமே கூடச் சேராமல் வரும் ஒவ்வாமை, எக்ஸிமா, வெள்ளை வெள்ளையாகத் தோல் மாறும் லைக்கன் ஸ்கிலரோசஸ், தொட்டாலே எரியும் நரம்பு சார்ந்த வலி. இதில் லைக்கன் ஸ்கிலரோசஸை விட்டுவிடக் கூடாது. நாளடைவில் தழும்பாகி உறுப்பின் அமைப்பையே மாற்றும், சிறிய அளவில் புற்றுநோய் அபாயமும் உண்டு, சிகிச்சை எளிது. இதற்குத் தோல் மருத்துவரையும் பார்க்கலாம். ஸ்வாப் நார்மல் என்றால் 'தோலைப் பார்த்தீர்களா' என்று கேளுங்கள்.

19. பிவிக்கு மருந்து எடுத்தா பூஞ்சை வருது, அதுக்கு எடுத்து முடிச்சா மறுபடி பிவி. பைத்தியம் பிடிக்குது.

நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் சுழல் இது. ஆன்டிபயாடிக் எழுதும்போதே 'எனக்கு இதற்குப் பின்னால் பூஞ்சை வரும்' என்று சொல்லிவிட்டால் தடுப்பாக ஃப்ளுகோனசோல் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்வாப் எடுக்காமல் அடுத்த மருந்துக்குப் போகாதீர்கள். 2-ஆம் கேள்வியில் சொன்ன குழப்பம் இங்கேதான் முழு வேகத்தில் வரும்.

20. உடலுறவுன்னாலே பயமா இருக்கு, எரியும், அப்புறம் தொற்று வரும்னு. எப்படிச் சொல்றது?

வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து தோல் ஆறும் வரை வேண்டாம் என்பது மருத்துவ ஆலோசனை, உங்கள் பிடிவாதம் அல்ல. எண்ணெய் கலந்த பூஞ்சைக் கிரீம்கள் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல மாதம் வலியோடு இருந்தவர்களுக்குத் தொற்று போன பிறகும் இடுப்புத் தசைகள் பழக்கத்தில் இறுகும், அதற்கு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) இருக்கிறது. மனம் சோர்ந்து அழுகை வருகிறது என்றால் அதையும் டாக்டரிடம் நோய்க்குறியாகவே சொல்லுங்கள்.

21. டாக்டர் முன்னாடி உட்கார்ந்தா எல்லாம் மறந்துடுது. என்ன சொல்லணும்?

போனில் எழுதிக்கொண்டு போங்கள், கூச்சமாக இருந்தால் போனையே நீட்டுங்கள். இப்படி இருந்தால் போதும்: 'ஒரு வருடத்தில் நான்காவது தடவை. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்பு ஆரம்பம். அரிப்பு அதிகம், வாடை இல்லை. ஸ்வாப் ஒரு தடவைதான் எடுத்தது. குளோட்ரிமசோல் மூன்று தடவை, இரண்டு வாரம் சரியாக இருந்தது. சுகர் பார்க்கவில்லை. இன்று மருந்து எதுவும் போடாமல் வந்திருக்கிறேன்.'

காய்ச்சல், அடிவயிற்று வலி, கொப்புளமோ புண்ணோ, உடலுறவுக்குப் பின் ரத்தம், உள்ளே டாம்பன் மாட்டிக்கொண்டதோ என்ற சந்தேகத்தோடு அழுகிய வாடை என்று ஏதாவது இருந்தால் எழுதிக்கொண்டெல்லாம் இருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.